இரண்டு மணிக்கு விழும் சிக்னல்

அப்போது நான் ஆறாவது வருடமாகப் பகுதிநேர ஆய்வு மாணவி. முழுநேர வேலை, மதுரைக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துவது. குடியிருந்தது பழங்காநத்தத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. கணவரிடமிருந்து பிரிந்து வந்து எட்டு வருடமாகியிருந்தது. அம்மா இருந்தவரை பேசுவதற்கு ஓர் ஆள் இருந்தது. அவள் போன பிறகு, வெள்ளிக்கிழமை மாலை கல்லூரியை விட்டு வந்தால் திங்கட்கிழமை காலை வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட முடியும் என்று தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை முதல் வகுப்பில் என் குரல் கரகரவென்று வரும். மாணவர்கள் சளி என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் ஆய்வு, வயலில் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகள் கம்பியில்லாமல் அனுப்பும் செய்தி, வழியில் தொலையாமல் போய்ச் சேருவதைப் பற்றியது. ரேடியோ அலை நேர்வழியில் மட்டும் வருவதில்லை. சுவரில், மரத்தில், தகரக் கூரையில் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வருகிறது. வந்து சேரும் இடத்தில் அவை சில நேரம் ஒன்றோடொன்று கூடி வலுக்கும், சில நேரம் ஒன்றையொன்று அழித்துவிடும். அழிக்கும்போது சிக்னல் சட்டென்று பள்ளத்தில் விழும். ஃபேடிங் என்று அதற்குப் பெயர். பள்ளம் வரும் நேரத்தில் செய்தியின் துணுக்குகளான பிட்டுகளை ஒரே மூச்சில் நான்கு நான்காக ஏற்றாமல், இரண்டிரண்டாகக் குறைத்து நிதானமாக அனுப்பலாம். அல்லது செய்தியோடு கொஞ்சம் உபரி பிட்டுகளைச் சேர்த்தனுப்பி, தொலைந்ததை மறுமுனையில் கணக்குப் போட்டு மீட்கலாம். இதையெல்லாம் ஐந்து வருடமாகக் கணினித் திரையிலேயே செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் ஆய்வை மதிப்பிடும் குழுவில் இருந்த ஒரு பேராசிரியை என் வரைபடங்களைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வயல்ல வைக்கிற கருவிக்குன்னு எழுதியிருக்கீங்க. வயல்ல வச்சு அளந்து பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை.

எனக்கு நிலமும் கிடையாது, நிலம் வைத்திருப்பவர்களும் தெரியாது. கல்லூரிப் பேருந்து ஓட்டுநரிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருக்குப் பேரையூர்ப் பக்கம். “எங்கக்கா காடு இருக்கு டீச்சர். கெணறு, பம்புசெட்டு ரூம்பு எல்லாம் இருக்கு. அக்கா மட்டுந்தான் இருக்கு. நான் சொல்றேன்” என்றார்.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவரும் மகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சவும் ஒரு பசுவைப் பார்க்கவும் அக்கா மட்டும் ஊரில் தங்கிவிட்டார். முதல்நாள் நான் கொண்டுபோன பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வெடிச்சுக்கிடிச்சுப் போயிராதுல்ல?”

“இல்லக்கா. ரேடியோ மாதிரிதான். ஆனா பாட்டு வராது.”

“பாட்டு வராத ரேடியோவ வச்சு என்ன பண்ணப் போறீக?” என்று சிரித்தார்.

ஊராட்சியில் எழுதிக் கொடுத்து, ஊருக்குள் இருந்த மேல்நிலைத் தொட்டியில் அனுப்பும் கருவியைப் பொருத்தினேன். வாங்கும் பெட்டி, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி அக்காவின் பம்புசெட் அறைக்குள். ஆன்டெனாவை மட்டும் வெளிச்சுவரில், இடுப்பு உயரத்தில் அடித்தேன். மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகள் நிஜத்தில் தரையை ஒட்டித்தான் இருக்கும், அதனால் அந்த உயரம். நிஜத்தில் செய்தி வயலிலிருந்து கிளம்பும்; வழி இரு திசைக்கும் ஒன்றே என்பதால் சோதனைக்குத் திருப்பி வைத்தேன். இடையில் சீமைக்கருவேலங்காடும் ஒரு தென்னந்தோப்பும். ஒரு செய்தி பழுதில்லாமல் வந்து சேர்ந்தால் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஜன்னல் வழியாக அது வெளியே தெரியும்.

சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாகப் போவேன். பெட்டியிலிருந்து மெமரி கார்டை எடுத்துக்கொண்டு வேறொன்றைப் போடுவேன். ஐந்து நிமிட வேலை. ஆனால் அக்கா விடமாட்டார். சாப்பிடச் சொல்வார். குதிரைவாலிச் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. தட்டில் விழுந்துகொண்டே இருக்கும். “இம்புட்டுத்தான் திங்கிறதா? அதான் இப்பிடி இருக்கீக” என்பார். மருமகள் உண்டானது, பசு சினைக்கு நிற்காதது, மருந்தடிக்க ஆள் கிடைக்காதது எல்லாம் சொல்வார். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். கிளம்ப மூன்று மூன்றரை ஆகிவிடும்.

ஒரு மாதத் தகவலை வரைபடமாகப் போட்டபோது அந்தப் பள்ளத்தைக் கண்டேன். காற்றில் தென்னை மட்டைகள் ஆடுவதால் வரும் சிறு சிறு பள்ளங்கள் எனக்குப் பழக்கம். அவை நொடியில் வந்து நொடியில் போகும். இது அப்படியில்லை. மதியம் இரண்டு மணிக்குச் சிக்னல் விழுந்தது. நாலு மணிக்கு எழுந்தது. நடுவில் அவ்வப்போது சில நிமிடம் தலை தூக்கியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். இந்தப் பள்ளத்தில் பிட்டைக் குறைத்தும் பலனில்லை, உபரி பிட்டுகள் சேர்த்தும் பலனில்லை. தொடர்ச்சியாக எல்லாமே போனால் எதை வைத்து எதை மீட்பது?

மோட்டார் ஓடும் நேரமா என்று பார்த்தேன். மும்முனை மின்சாரம் அந்த நேரத்தில் வருவதில்லை. வெயிலில் கருவி சூடாகிறதா என்று பார்த்தேன். மேகமூட்டமான நாட்களிலும் பள்ளம் இருந்தது. இன்னொரு விஷயம்தான் என்னைக் குழப்பியது. சனிக்கிழமைகளில் மட்டும் பள்ளமே இல்லை. சனிக்கிழமை விடுமுறை எடுக்கிற இயற்கை எது? மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு புதன்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சொல்லாமல் கிளம்பினேன்.

வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வரப்பு வழியாக நடந்தேன். மணி இரண்டேகால். பம்புசெட் அறையின் கிழக்குச் சுவரில் நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலில், துவைக்கிற கல்லின் மேல், சுவரில் முதுகைச் சாய்த்து அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால்தான் என் ஆன்டெனா. தண்ணீர் நிறைந்த மனித உடம்பு ரேடியோ அலையை எப்படித் தடுக்கும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். சனிக்கிழமைகளில் இந்நேரம் அவர் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார்.

அக்கா ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை. தலையைத் திருப்பி, பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். “என்ன டீச்சர், இன்னைக்கு வாரீக? நாளக் குழப்பிக்கிட்டேனோ?”

“இல்லக்கா, சும்மாதான். தினமும் இங்கயா உக்காருவீங்க?”

“வேற எங்க போக? வீட்டுக்குள்ள புழுக்கம். இங்கன கொஞ்சம் காத்து வரும். அந்த வெளக்கு மினுக் மினுக்குங்குது பாருங்க, அதப் பாத்துக்கிட்டு இருந்தா யாரோ வந்து போற மாதிரி இருக்கும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ஆனா ஒண்ணு டீச்சர். நான் வந்து உக்காந்தா அது நின்னுபோகுது. எந்திரிச்சா மறுபடி மினுக்குது. என்னயக் கண்டா அதுக்கு ஆகாது போல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. மூன்று வாரக் குழப்பம் தீர்ந்த சந்தோஷத்தில் இருந்தேன். ஆன்டெனாவைக் காட்டி விளக்கிவிட்டு, “இனி இங்க உக்காராதீங்கக்கா. என் கணக்கு கெட்டுப்போகுது” என்றேன்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “ஐயையோ, மொதல்லயே சொல்லப்படாதா? இத்தன நாளும் ஒங்க படிப்பக் கெடுத்துக்கிட்டா இருந்தேன்?” என்றார். அவசர அவசரமாக முந்தானையால் கல்லைத் துடைத்தார். எதற்குத் துடைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு இரண்டு வாரம் தகவல் சுத்தமாக வந்தது. பள்ளம் இல்லை. வழிகாட்டிப் பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “அந்தப் பழைய மாசத்தத் தூக்கிருங்க. இத வச்சு எழுதி முடிங்க” என்றார். எனக்கும் முடித்தால் போதுமென்றிருந்தது.

பேட்டரி ஒன்றை மாற்ற வேண்டி இன்னொரு வாரநாளில் போனேன். அதுவும் மதியம். கிழக்குச் சுவரோரம் யாருமில்லை. அக்காவைத் தேடினேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம், இலையே இல்லாத ஒரு கருவேல மரத்தடியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு ஒழுங்காக மினுக்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும், “நான் அந்தப் பக்கமே போகல டீச்சர்” என்று தூரத்திலிருந்தே சொன்னார்.

பேட்டரியை மாற்றினேன். நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷியை எழுப்பி வெயிலில் உட்கார வைத்துவிட்டு, வயலில் வேலை செய்யும் கருவி என்று நான் எழுதப்போகிறேன். வயலில் ஆள் இருக்கக் கூடாது என்றால் அது யாருக்கான கருவி? வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை. அதைச் சொல்லிக்கொள்ளவும் ஆளில்லை.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆன்டெனா கொண்டுபோனேன். அறையின் வடக்கு மூலையில் அதை அடித்தேன். ஒன்று மறைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த மூலை தோப்புக்கு நேர் எதிரே இருந்து மரங்கள் மறைத்ததால் அது மட்டும் போதாது. அதனால் அனுப்பும் முறையையும் மாற்றி எழுதினேன். மண்ணின் ஈரம் அவசரச் செய்தி அல்ல, சில மணி நேரம் பிந்தி வந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அரை நாள் தகவலை மொத்தமாகச் சேர்த்து, உபரி பிட்டுகளைக் கலந்து, வரிசையைக் கலைத்து, நேரம் முழுக்கத் தூவி அனுப்பினேன்.

என்ன செய்கிறேன் என்று அக்கா கேட்டார்.

“நீங்க பத்து வார்த்த பேசுறீங்கன்னு வச்சுக்கோங்கக்கா. நடுவுல சேந்தாப்புல மூணு வார்த்த காதுல விழலன்னா அர்த்தம் போயிரும். அதே மூணு வார்த்த அங்கொண்ணு இங்கொண்ணுன்னு போனா?”

“அதான் புரிஞ்சுரும்ல. எங்க வீட்டுக்காரரு போன்ல பேசுறது அம்புட்டும் அப்பிடித்தான். மெசினுச் சத்தத்துல பாதிதான் கேக்கும். மிச்சத்த நானே போட்டுக்கிருவேன்.”

“அதேதான்க்கா.”

“அப்ப நான் கல்லுல உக்காரலாமா?”

“உக்காருங்க. உக்காந்தாத்தான் எனக்கு வேல நடக்கும்.”

அக்கா நம்பவில்லை. நான் முதலில் போய் உட்கார்ந்து காட்டிய பிறகுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. வெகுநேரம் இருவரும் பேசாமல் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே பேசாமல் இருப்பது என் பழங்காநத்தம் அறையில் பேசாமல் இருப்பதுபோல் இல்லை.

நான்கு மாதம் அப்படி ஓடியது. ஒவ்வொரு மதியமும் சிக்னல் விழுந்தது, ஆனாலும் செய்தி அநேகமாக முழுசாக வந்து சேர்ந்தது. வழிகாட்டி பழைய தகவலை நீக்கச் சொன்னதை நான் கேட்கவில்லை. அதைத் தனி அத்தியாயமாகவே எழுதினேன். அவர் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தை கடந்து மருமகளுக்குப் பிரசவமானது. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று மகன் வந்து அக்காவைக் கூட்டிப்போய்விட்டான். பசுவை விற்றார்கள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். ஓட்டுநர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெட்டியைக் கழற்றப் போன அன்று பம்புசெட் அறைக்கு வேறு பூட்டு. குத்தகைக்காரர் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றார். ஐந்து நிமிட வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தில் நின்றார். “இந்த ரெண்டு மணி, நாலு மணித் தடை, இது என்ன?”

“ஒரு அம்மா அங்க உக்காருவாங்க சார்.”

அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. “தினமுமா? என்ன பண்ணுவாங்க?”

“சும்மா உக்காந்திருப்பாங்க.”

அவர் தலையசைத்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் முடிவைச் சொன்னார்கள். கை குலுக்கினார்கள். வாங்கி வைத்திருந்த இனிப்பையும் சமோசாவையும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், படம் எடுத்தார்கள், கிளம்பிப்போனார்கள். மற்றவர்களின் தேர்வுக்கு அப்பா அம்மா, பிள்ளைகள் என்று முன்வரிசை நிறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் காலி அரங்கில் புரொஜெக்டரை அணைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

“பாஸாயிட்டீகளா டீச்சர்! அம்மாடி!” பின்னால் குழந்தை அழுதது, யாரோ குக்கரை அணைக்கச் சொன்னார்கள். “இனி டாக்டரம்மான்னு கூப்பிடணுமோ?”

“டீச்சருன்னே கூப்பிடுங்கக்கா. அங்க எப்பிடி இருக்கீங்க?”

“இருக்கேன். நாலு மாடி. வெளிய உக்கார எடமில்ல. படியில உக்காந்தா ஏறி எறங்குறவுக ஒதுங்கச் சொல்றாக. பேத்திதான் ஒரே பொழுதுபோக்கு. நீங்க சாப்டீகளா?”

“சாப்டுட்டேன்க்கா.”

“பொய்யி” என்றார். குழந்தை வீறிட்டது. “வச்சுர்றேன் டீச்சர், பொறவு பேசுறேன்.”

மிச்சமிருந்த இனிப்பை வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். பழங்காநத்தம் சிக்னலில் வழக்கமான கூட்டம். பாத்திரக் கடைக்காரர் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் சொல்லலாமா என்று ஒரு நொடி நின்றேன். அவர் ஒரு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். நான் மாடிப்படி ஏறினேன்.