இரண்டு வாயோடு நின்றுபோன சிவப்பு ரசம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஒரு வாசனை இறங்கி வரும். நெய், குங்குமப்பூ, கூடவே புளிப்பாக ஏதோ வதங்குகிற வாசனை. கும்மிடிப்பூண்டியில் எப்போதும் மூக்கில் நிற்கிற இரும்பு வாடை அந்த ஒரு மணி நேரம் எங்கே போகுமோ தெரியாது...

மாடியில் குடியிருந்தவர் பெஹ்ரூஸ் சார். ஈரான்காரர். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பி கம்பெனியில் புது மெஷின் இறக்கியிருந்தார்கள். அதை ஓட விட்டுக் கொடுக்க வந்தவர். மூன்று மாசம் என்று வந்தார், எட்டு மாசம் ஆனது. மனைவியும் ஒரே மகளும் அங்கே. இங்கே அவருக்குப் பேச்சுத்துணை என் வீட்டுக்காரரும், டேட்டா கார்டு குத்திய ஒரு லேப்டாப்பும்தான்.

நன்றாகச் சமைப்பார். ஆனால் சட்டியின் அடியில் பிடித்துப்போன சோற்றைச் சுரண்டி எடுத்து, இதுதான் விருந்தாளிக்கு என்று முதலில் வைக்கிற மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கீழே இரண்டு தட்டு கொண்டு வருவார். வீட்டுக்காரர் தட்டில் சோற்றுக்கு மேல் சிவப்பாக, அரிசி நீளத்துக்குக் குட்டிக் குட்டிப் பழம் தூவியிருக்கும். என் தட்டில் வெறும் சோறும் கோழியும். ஜெரெஷ்க் என்று பேர் சொன்னார். அவர் ஊரில் பித்தத்துக்கும் உஷ்ணத்துக்கும் அதில் சர்பத் போட்டுக் கொடுப்பார்களாம். ஈரலுக்கும் நல்லதாம். வீட்டுக்காரருக்கு அப்போதுதான் மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. அதற்காகத்தான் அவருக்கு மட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாலும் எனக்கு உள்ளே புகைந்துகொண்டே இருந்தது.

ஏனென்றால் நான் அப்போது ஆறு மாசம். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாக நின்ற பிள்ளை. புளிப்பைக் கண்டாலே நாக்கு ஊறும்.

"இன்னா மனுசன் இவரு, ஒரு வாயி எனக்குக் குடுத்தா கொறஞ்சா பூடுவாரு?" என்றேன்.

"அவுங்க ஊர்ல இன்னா பழக்கமோ... உடுமே" என்றார் வீட்டுக்காரர்.

ஒரு ஞாயிறு, பெஹ்ரூஸ் சார் மகளுக்குப் பிறந்தநாள். அங்கே அவர்கள் அந்தச் சோறு, இங்கே இவர் அதே சோறு, லேப்டாப்பில் முகம் பார்த்துக்கொண்டே சேர்ந்து சாப்பிடுவது என்று ஏற்பாடு. ஊரிலிருந்து கொண்டு வந்த பழத்தில் கடைசிப் பொட்டலம்தான் மிச்சம். காலையிலேயே மெஷின் நின்றுவிட்டதென்று அவரையும் வீட்டுக்காரரையும் கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். போகிற அவசரத்தில் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "சிஸ்டர்... தண்ணி, ஊற, ப்ளீஸ்" என்றார்.

ஊறப்போடு என்றால் நமக்குத் தெரிந்தது புளிதானே. வெந்நீரில் போட்டு, பிசைந்து, கரைத்து, வடிகட்டி, சக்கையை ஒட்டப் பிழிந்து குப்பைக் கூடையில் போட்டேன். மனுஷனுக்கு வேலை மிச்சம் என்று பெருமை வேறு. அந்தச் சிவப்புத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து, மிளகு சீரகம் தட்டிப்போட்டு எனக்கு மட்டும் ரசம் வைத்தேன். திருட்டு ரசம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

டம்ளரில் ஊற்றி இரண்டு வாய் குடித்திருப்பேன். வீட்டுக்காரரைக் கம்பெனியில் விட்டுவிட்டு பெஹ்ரூஸ் சார் மட்டும் வந்துவிட்டார்.

"ஜெரெஷ்க்?"

"கரைச்சி வெச்சிக்கிறேன் சார்."

கிண்ணத்தைப் பார்த்தார். குப்பைக் கூடையைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் என் கையிலிருந்த டம்ளர் அவர் கண்ணில் பட்டது... முகம் வெளுத்துவிட்டது.

"நோ சிஸ்டர், நோ. பேபி..." டம்ளரைப் பிடுங்கிக் கொல்லையில் கொட்டினார். "எவ்ளோ? எவ்ளோ குடி?"

அவர் ஊரில் பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தப் பழத்தைத் தர மாட்டார்களாம். கலைந்துவிடும் என்று பயம். இத்தனை நாள் என் தட்டுக்கு மட்டும் வெறும் சோறு வந்தது அதனால்தான்.

அவரே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் கிரீஸ் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு வாய்க்கெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா, இனிமே தொடாத" என்றார் டாக்டரம்மா. பிள்ளையின் இதயத் துடிப்பு கேட்ட பிறகுதான் பெஹ்ரூஸ் சார் எழுந்து தண்ணீர் குடித்தார்.

வீடு திரும்பும்போது மணி ஐந்து. அங்கே பிறந்தநாள் சாப்பாடு முடிந்துவிட்டது. மகள் கோபத்தில் லேப்டாப் பக்கமே வரவில்லையாம். அன்றைக்கு அவர் சாப்பிட்டது என் வீட்டு மோர்ச்சோறு. நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"மை டாட்டர், நெக்ஸ்ட் இயர் பர்த்டே. யுவர் டாட்டர் ஃபர்ஸ்ட்" என்றார்.

பெண்பிள்ளைதான் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. பெண்தான் பிறந்தாள். அதற்குள் அவர் ஊருக்குப் போய்விட்டார். நாங்களும் நம்பர் வாங்கி வைக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் போகவில்லை.

வீட்டுக்காரர் தவறிப்போய் மூன்று வருஷம். மகள் நர்ஸ் டிரெய்னிங்குக்கு ஜெர்மனி போயிருக்கிறாள். போன வாரம் தெரிந்தவர்களிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். பிரித்தால் அதே சிவப்புப் பழம். அங்கே ஈரான்காரர் கடை இருக்கிறதாம்.

"பிபிக்கு நல்லதுன்றாங்கம்மா. ஆனா நீ மாத்திர போட்டுக்கினு இருக்கியே, டாக்டரக் கேட்டுக்கினு சாப்புடு" என்றாள்.

கேட்டேன். கொஞ்சம் சாப்பிடலாம் என்றார்கள். சரியான பக்குவம் இப்போது எனக்குத் தெரியும். பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, வடித்து, சிறு தீயில் நெய்யும் சர்க்கரையும் சேர்த்து வதக்கி, கருகுவதற்குள் இறக்க வேண்டும். ஆனால் ஒருத்திக்காக அத்தனையும் யார் செய்வது... நேற்று மதியம் ஒரு கைப்பிடி எடுத்து ரசமே வைத்தேன்.

அப்போது இந்த வீட்டில் நான் இரண்டு வாய் தப்பாகக் குடித்தால் பார்த்துவிட ஆள் இருந்தது. இப்போது "சாப்ட்டியா" என்று மகள் போனில் கேட்கிறாள், "ஆச்சு" என்று சொல்லிவிடுகிறேன். ஆச்சா இல்லையா என்று பார்க்க யாரும் இல்லை.

மாடியில் ஒடிசா பையன்கள் ஆறு பேர். முகம்கூடச் சரியாகத் தெரியாது, செருப்புச் சத்தம்தான் தெரியும். ரசத்தை டம்ளரில் ஊற்றி இரண்டு வாய் குடித்திருப்பேன், படியில் தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். டம்ளரைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

செகண்ட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்ட பையன். கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

மீதி ரசத்தையும் குடித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.