பதினொன்று புள்ளி ஆறு அங்குலம்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லப்டொப் திரையை இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, நேர் குறுக்காகத்தான் அளப்பார்கள் என்று ஐம்பத்து மூன்று வயது வரை நம்பியிருந்தேன். அப்படி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே நம்பினேன். இத்தனைக்கும் நான் மெல்பேர்னில் வீடு வீடாகக் குசினி பூட்டுகிறவன். அலுமாரிக்கும் அடுப்புக்கும் கல்மேசைக்கும் அளவெடுத்துப் பிழைக்கிறவன். இடுப்பில் அளவு நாடா இல்லாமல் வெளியே போனால் உடுத்த சாரம் இல்லாமல் போனது போல் கூசும். அப்படிப்பட்டவன் அளவில் பிழைவிட்டால் அதை நாலு பேர் அறியச் சொல்லித்தான் ஆறவேண்டும்.

லப்டொப் எனக்கல்ல, மனைவிக்கு. அவள் பதினாறு வருடமாக ஒரு தொழிற்சாலையின் குளிரறையில் நின்று கீரையும் சலாது இலையும் பொதிசெய்து வந்தாள். சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலைக்குப் படிக்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கான விண்ணப்பம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மூன்று வருடம் காந்தத்தின் கீழ் தொங்கியது. கேட்டால், "அடுத்த டேர்ம் பாப்பம்" என்பாள். வருடத்துக்கு நாலு டேர்ம். நானும் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு நாள் என்ன நினைத்தாளோ, அதை நிரப்பி அனுப்பிவிட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. மூன்று கிழமையில் திங்கட்கிழமை வகுப்பு, ஒவ்வொருவரும் சொந்தமாக லப்டொப் கொண்டுவர வேண்டும் என்று கடிதம் வந்தது.

அவள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்தாள்.

"லப்டொப் எல்லாம் வேணுமாம். அதுக்குள்ள சரிவராட்டி அடுத்த டேர்ம் பாப்பம்."

அந்த வசனத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். லப்டொப் வராவிட்டால் அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுவிட்டுக் குளிரறைக்குத் திரும்பிப் போய்விடுவாள். பிறகு அந்தக் கதையை வீட்டில் யாரும் எடுக்க முடியாது.

"அதை நான் பாக்கிறன்," என்றேன். நான் வாய் திறந்து சொன்னவற்றுள் என்னை அதிகம் வியர்க்கவைத்தவை இந்த மூன்று சொற்கள்தாம்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். நாற்பது லப்டொப்புகள் பல் வைத்தியரிடம் வந்தவர்களைப் போல வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஒன்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது டொலர். பக்கத்தில் இருந்ததற்கு ஆயிரத்து நானூற்றைம்பது. அதற்கும் பக்கத்தில் இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மூன்றும் என் கண்ணுக்கு ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கடைக்காரப் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். என்ன தேவைக்கு என்று கேட்டா. மனைவி படிக்க என்றேன். அதில் என்ன செய்வா என்று கேட்டா. படிப்பா என்றேன். எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள் என்று கேட்டா. பயத்தில், "நல்லதாக" என்று சொல்லிவிட்டேன். அவ நேரே இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினா. நான் கழிப்பறை எங்கே என்று விசாரித்து, அவ காட்டிய திசையில் நடந்து, அப்படியே கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டேன்.

விலையைப் பற்றி எனக்கு ஒரு கொள்கை இருந்தது, அதைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் விலை கூடிய எந்தப் பொருளுக்கும் வேலை கிடையாது. கலியாணத்துக்கு வந்த பீங்கான் செற் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டீவி ரிமோட் இன்னும் வாங்கிய அன்றைய பொலித்தீன் உறையோடுதான் இருக்கிறது. இரண்டாயிரத்து நானூறு டொலருக்கு லப்டொப் வாங்கிக் கொடுத்தால் அவள் அதைத் துவாயில் சுற்றிச் சீலைகளுக்கு நடுவில் வைத்துவிடுவாள். மிக மலிவாக வாங்கினாலோ, என் படிப்புக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று நினைப்பாள். ஆகவே தொடப் பயமில்லாத, ஆனால் முகம் சுருங்காத ஒரு விலை வேண்டும். இந்தத் தத்துவத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழமை போயிற்று.

அளவுக்கு ஆலோசனை கேட்கக் கிரெய்கிபர்னில் இருக்கும் சிநேகிதனுக்குப் போன் எடுத்தேன். அவன் ஒருகாலத்தில் கொழும்பில் மூன்று மாதம் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனவன். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடமாக எங்களுக்கெல்லாம் ஆலோசனை வழங்கி வருகிறான்.

"மச்சான், பதினேழு இஞ்சுக்குக் கீழ போகாத. சின்னன் வாங்கிப்போட்டுப் பிறகு அழக்கூடாது."

"அவ அதைத் தூக்கிக்கொண்டு ரெயில்ல போகோணுமடா."

"தூக்கினா என்ன, கை பலப்படும். கேமிங் லப்டொப்பா எடு. கீபோட்டுக்குக் கீழ சிவப்பு லைற் எரியும்."

"அவ படிக்கப்போறது சின்னப் பிள்ளையளைப் பாக்கிறதுக்கு. சிவப்பு லைற் என்னத்துக்கு?"

"இருந்தா ஒரு நாளைக்கு உதவுந்தானே."

எங்கள் கராஜ் நிரம்பிக் காரை வெளியே நிறுத்த வைத்ததும் இதே வசனம்தான். போனை வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த தொழிலை நம்புவது என்று முடிவெடுத்தேன்.

அந்தக் கிழமை கிளென் வேவர்லியில் ஒரு வீட்டுக்குக் குசினி பூட்டிக்கொண்டிருந்தேன். கல்மேசை வெட்டுவதற்கு முன் நாங்கள் மட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்ப்போம். அதே முறையில், வீட்டில் கிடந்த மாம்பழப் பெட்டியைப் பிரித்து நாலு லப்டொப் வெட்டினேன். பதினேழு புள்ளி மூன்று, பதினைந்து புள்ளி ஆறு, பதினாலு, பதினொன்று புள்ளி ஆறு. அங்குலத்தைச் சென்ரிமீற்றராக்கி, அதைத் திரையின் அகலமாக வைத்து, சட்டத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சென்ரிமீற்றர் கூட்டினேன். வெட்டியவை கடையில் பார்த்தவற்றைவிடப் பெரிதாக இருந்தன. அது எனக்கும் உறைத்தது. ஆனால் பெரிய கடைக்குள் எல்லாமே சின்னதாகத்தான் தெரியும். காட்சியறையில் கைக்கடக்கமாக நிற்கும் மேசை வீட்டுக்கு வந்ததும் ஆளை உள்ளே விடாது. இருபது வருட அனுபவம் இப்படிப் பேசும்போது நான் எப்படிச் சந்தேகப்படுவது?

வேலையால் வந்த மனைவி மேசையைப் பார்த்தாள்.

"என்னப்பா, மாம்பழப் பெட்டிக்கு என்ன நடந்தது?"

"இதுதான் உம்மட லப்டொப். இரும், ரெயில்ல போய்ப் பாப்பம்."

இரண்டு கதிரைகளை ஒட்டிப் போட்டேன். அவள் பதினேழு அங்குல மட்டையை மடியில் வைத்துத் தட்டெழுதினாள். பக்கத்துப் பயணி நான். முழங்கை என் விலாவில் இடித்தது. "சொறி," என்றாள் ஆங்கிலத்தில், உண்மையான அந்நியனுக்குச் சொல்வது போல. பதினைந்து அங்குலம் அவளுடைய வேலைப் பைக்குள் பாதிதான் இறங்கியது. பதினாலை வைத்தால் பையின் சிப் பூட்ட மறுத்தது. பதினொன்று புள்ளி ஆறு மட்டும் பைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"இது சின்னனா இராதே?" என்றாள்.

"முப்பத்து மூண்டரை சென்ரிமீற்றர் வருது. நான் அளந்தனான்."

"நீங்கள் அளந்தாச் சரியாத்தான் இருக்கும்."

பிற்பாடு இந்த வசனம் என் காதைச் சுட்டது.

சின்னத் திரை என்றால் விலையும் இறங்கும் என்பது எனக்குக் கிடைத்த போனஸ். இணையத்தில் முந்நூற்று நாற்பத்தொன்பது டொலருக்கு ஒன்று அகப்பட்டது. தொடப் பயமில்லாத விலை. பட்டனை அமர்த்திவிட்டு, என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

வகுப்புக்கு முந்திய வியாழக்கிழமை வாசலில் ஒரு மண்ணிறப் பெட்டி கிடந்தது. தூக்கினேன். பாரமே இல்லை.

"சார்ஜர் முதல்ல வந்திட்டுது," என்று அறிவித்துவிட்டு அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். வெள்ளிக்கிழமை வேலையை மத்தியானத்தோடு முடித்துக்கொண்டு வந்து லப்டொப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சனிக்கிழமை காலையில் இணையத்தில் பார்த்தால், பொருள் கொடுத்தாயிற்று என்று போட்டிருந்தது. யாரோ வாசலில் இருந்து எடுத்துவிட்டான்! வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு கிழவர் ரோசாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நடத்தை எனக்குச் சந்தேகமாகப் பட்டது. பொலிசுக்குச் சொல்வதா, முதலில் கடைக்குச் சொல்வதா என்று முற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது உள்ளே இருந்து மனைவியின் குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ, உங்கட சார்ஜருக்கு கீபோட் இருக்கு."

குசினி மேசையில், கத்தியால் கீறித் திறந்த பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு லப்டொப் குட்டி இருந்தது. அதன்மேல் ஏ4 தாளொன்றைப் படுக்கவைத்தேன். தாள் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது. என் மட்டை மாதிரிக்கு மேல் வைத்தேன். தமையனின் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி நின்றது. நாடாவை இழுத்துத் திரையை அளந்தேன். இருபத்தைந்தரை சென்ரிமீற்றர் சொச்சம். கடைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று கத்திக்கொண்டே சிட்னியில் வேலை செய்யும் மகளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன்.

மகள் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பா, யூ மெஷர் இட் டயகனலி. மூலைக்கு மூலை. சரிஞ்சு. டீவியும் அப்பிடித்தான்."

"டீவியுமோ?"

எங்கள் வரவேற்பறையில் அறுபத்தைந்து அங்குல டீவி ஒன்று உண்டு. அது வருவதற்கு முன்பே அதற்கு நானே அலுமாரி செய்தேன். அறுபத்தைந்து அங்குல அகலத்துக்கு இடம் விட்டேன். டீவி வந்து ஏறியபோது இரண்டு பக்கமும் கையகலம் வெளித்தது. கம்பனிக்காரன் அளவில் கள்ளம் செய்துவிட்டான் என்று ஆறு வருடமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். அந்த இடைவெளிகளில் மனைவி பிளாஸ்ரிக் பூச்சாடி வைத்திருந்தாள்.

"ஓ மை கோட், அந்தப் பூச்சாடி!" என்று மகள் சிட்னியில் விழுந்து விழுந்து சிரித்தாள். தொடர்பைத் துண்டித்தேன்.

கார்த் திறப்பை எடுத்தேன். "வெளிக்கிடும், கடைக்குப் போவம். அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள். இரண்டாயிரத்து நானூறெண்டாலும் பரவாயில்லை, பெரிசா ஒண்டு எடுப்பம்."

மனைவி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் குட்டிக்கு முன்னால் இருந்தாள். அடுத்த டேர்ம் என்ற சொல் அவள் வாயில் வந்துவிடப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருட விண்ணப்பம், மூன்று கிழமை ஓட்டம், எல்லாம் என் நாடாவால் போயிற்று. நிறுத்தாமல் பேசினால் அவள் அதைச் சொல்ல இடமிருக்காது என்று நினைத்து, கடை, விலை, தள்ளுபடி என்று வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டே மேசையைச் சுற்றினேன்.

"கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ," என்றாள். "பாஸ்வேட் கேக்குது."

இருந்தேன். அவள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினாள். மூக்குத் திரையில் முட்டுமளவுக்குக் குனிந்திருந்தாள். நெடுநேரத்துக்குப் பிறகு நிமிர்ந்தாள்.

"இது காணும், இதுவே போதும்."

"காணாதப்பா! எழுத்தெல்லாம் எறும்பு மாதிரிக் கிடக்கு."

"அதுதான் நல்லது. பெரிசெண்டா, பக்கத்தில இருக்கிற இளம் பெட்டையள் நான் இங்கிலிசில விடுற பிழையெல்லாம் பாப்பினம். இது எனக்கே வடிவாத் தெரியேல்லை. அவையளுக்கு எங்க தெரியப்போகுது?"

மூன்று கிழமையாக அவளுடைய பையை அளந்தேன், மேசையை அளந்தேன், ரெயில் இருக்கையைக்கூட மனக்கண்ணால் அளந்தேன். எதற்குப் பயப்படுகிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கார்த் திறப்பை ஆணியில் கொழுவிவிட்டு அவளுக்குத் தேத்தண்ணி போட்டேன்.

திங்கட்கிழமை காலை நோபல் பார்க் நிலையத்தில் அவள் ரெயில் ஏறினாள். முதல் மூன்று மாதமும் அந்தப் பதினொன்று புள்ளி ஆறு அங்குலத்தில்தான் எழுதினாள். நாலாவது மாதம் கண் வலிக்கிறது என்று, வகுப்பு முடிந்து வரும் வழியில் தனியாகக் கடைக்குப் போய்ப் பதினாலு அங்குலத்தில் ஒன்று வாங்கி வந்தாள். எழுநூற்று முப்பது டொலர். என்னை ஒன்றும் கேட்கவில்லை.