ஆவியக்காவின் தரை

பால்கனிக் கதவைச் சாத்திய பிறகு, ஆவியக்கா கண்ணாடி வழியாக மகளைப் பார்த்து ஒரு விரலை ஆட்டுவார். கூப்பிடும்வரை உள்ளே வரக் கூடாது என்று அர்த்தம். மகள் முக்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே தலையசைப்பாள். அப்புறம்தான் நீராவியால் தரை துடைக்கும் இயந்திரத்தின் பிளக்கைச் செருகுவார்.

அதற்கு முன்பே வீடு முழுக்கப் பெருக்கியாகியிருக்கும். முடி, பென்சில் சீவல், ரொட்டித் துணுக்கு எதுவும் தரையில் கிடக்காது. "பெருக்காம ஆவிய விட்டா தூசி சேறாயிடும்ணா. அந்தச் சேத்த வீடு பூரா பூசிட்டு, சுத்தம் பண்ணிட்டேன்னு சொல்லிக்கணும்" என்பார் என்னிடம். தொட்டியில் வடிகட்டிய தண்ணீர். நீண்ட கைப்பிடியின் அடியில் முக்கோணத் தலை, அதன் கீழே வெள்ளைத் துணி. தண்ணீர் சுடும்வரை இயந்திரம் அடித்தொண்டையில் உறுமும். பிறகு உஸ்ஸென்று ஒரு மூச்சு விடும். அந்தச் சத்தம் கேட்டதும் தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டு உள்மூலையில் தொடங்குவார். பின்பக்கமாகவே நடந்து வாசல்வரை வருவார். துடைத்த இடத்தை மிதிக்க மாட்டார். எந்த இடத்திலும் நின்று யோசிக்கவும் மாட்டார். துணி சாம்பல் நிறமானதும் சுவிட்சை அணைத்து, சூட்டோடு இருக்கும் துணியை இடுக்கியால் கழற்றி வாளியில் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுவார். "அழுக்குத் துணியால துடைக்கறதுக்குப் பேரு சுத்தம் இல்லண்ணா, இடமாத்தம்."

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஆவியக்கா. பேய்க்கும் நீராவிக்கும் ஒரே சொல் இருப்பதில் அவர்களுக்கு ஏக மகிழ்ச்சி. அவருக்கும் கோபமில்லை. "பேயின்னு சொன்னாலும் பரவால்ல, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தாப் போதும்" என்பார். நடைவழியின் இந்தப் பக்கம் என் கதவு, அந்தப் பக்கம் அவர் கதவு. அதனால் அவருடைய நாள் எப்படித் தொடங்குகிறது, எங்கே தடுக்குகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஒரு கம்பெனிக்குத் தொலைபேசியில் குறை கேட்பது அவர் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் குரல் தேனாகிவிடும். "உங்க சிரமம் புரியுதுங்க, சற்றுக் காத்திருக்க முடியுமாங்க?" கழற்றியதும் அதே வாய், "கரண்ட் கெட்டிலை அடுப்பு மேல வெச்சுட்டு உருகிடுச்சுன்னு என்னைத் திட்டறான், கடங்காரன்" என்று பொரியும். கணவர் கப்பலில் சமையல்காரர். ஊர் ஊராய் மிதந்துவிட்டு, விடுப்பு கிடைக்கும்போது வருவார். வீட்டில் தாயும் மகளும்தான்.

மகளுக்கு மூச்சு இழுப்பு. சாதாரண நாளில் தெரியாது. ஓடுவாள், கத்துவாள், என் வீட்டுப் பூந்தொட்டியை உருட்டிவிட்டு யாரோ செய்ததுபோல் நிற்பாள். ஆனால் ஏதாவது நெடி பட்டால் போதும்; கழுத்துக் குழி உள்ளே இழுத்துக்கொள்ளும், உதட்டோரம் வெளுக்கும். ஒருநாள் வீட்டைத் துடைத்துவிட்டு ஆவியக்கா நிமிர்ந்தபோது, கூடத்தின் ஓரத்தில் குழந்தை சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்த டாக்டர், "வீட்டுல என்ன ஊத்தித் துடைக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார். பச்சை நிறத் திரவம், மல்லிகை வாசம். சுத்தத்துக்கு வாசனை வேண்டும் என்று தாராளமாக ஊற்றியது அவர் கைதான். இதை என்னிடம் சொல்லும்போது அவர் தன் கையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஸ்டீம் மாப் என்ற அந்த ஆவி இயந்திரத்தை வாங்கக் கடைக்குப் போனபோது, தூக்கி வர உதவியாக என்னையும் அழைத்திருந்தார். அங்கே நான் பார்த்தது வியாபாரம் அல்ல, விசாரணை.

விற்பனையாளர் சுறுசுறுப்பான இளைஞர். கிருமி, பாக்டீரியா என்று மூச்சுவிடாமல் பேசினார். ஆவியக்கா குறுக்கிட்டார்.

"தம்பி, கிருமி கிடக்கட்டும். வயரு எவ்வளவு நீளம்? கூடத்துல மாட்டினா சமையக்கட்டு வரைக்கும் வருமா? நடுவுல கழட்டிக் கழட்டி மாட்டணுமா?"

"நல்ல நீளம் மேடம்."

"விரிச்சுக் காட்டுங்க."

விரித்துக் காட்டினார். அடுத்து, தண்ணீர் நிரப்பிய பிறகு அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். பெரிய தொட்டி வைத்த அழகான மாடல் அந்த நொடியே தள்ளுபடியானது. "தொட்டி பெருசா இருந்தா நிறைய நேரம் ஓடும் மேடம்." "ஓடும் தம்பி. என் தோளு ஓடாது." பலகைத் தரைக்கு ஆவியைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, ஆனால் ஒன்றும் ஆகாது என்று சொன்ன மாடலும் போனது. "ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொல்லிடுவீங்க. ஆனதுக்கப்புறம் எங்கிட்டதான் ஃபோன் பண்ணி அழுவாங்க."

கடைசியில் சிறிய தொட்டி, ஆவியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு, கழற்றித் துவைக்கும் துணி உள்ள சாதாரண இயந்திரம் ஒன்று மிஞ்சியது. "இதை ஓட்டுங்க" என்றார். கடைக்குள் ஓட்ட அனுமதியில்லை என்றார் இளைஞர். ஆவியக்கா அங்கேயே நின்றார். பின்னால் வரிசை நீண்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. இளைஞர் மேலாளரைப் பார்த்தார், மேலாளர் கூரையைப் பார்த்தார், பிளக் மாட்டப்பட்டது. வெள்ளையாக ஆவி எழுந்ததும் ஆவியக்கா குனிந்து, சுடாத தூரத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார்.

"பிளாஸ்டிக் நாத்தம் வருது."

"புதுசு மேடம், ரெண்டு மூணு தடவை ஓட்டினா போயிடும்."

"போகலைன்னா திருப்பிக் கொண்டாருவேன். உங்களைத்தான் தேடுவேன்."

அந்த நாற்றம் போகும்வரை இயந்திரத்தைப் பால்கனியில் நிறுத்தி, தொட்டி தொட்டியாக வெறும் ஆவியை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். கீழே போகிறவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று அண்ணாந்து பார்த்தார்கள். கப்பலிலிருந்து கணவர் பேசினார்: "இங்க எனக்குச் சோத்துப்பானை ஆவி, அங்க உனக்குத் தரை ஆவி. குடும்பமே வெந்துட்டு இருக்கு." ஆவியக்கா சிரித்தார். அதற்கு முன் நெடுநாளாக நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

எல்லாம் சரியாகவே போனது என்று சொல்ல முடியாது. படுக்கையறைப் பலகைத் தரையில், ஹெட்போனில் வந்த அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரே இடத்தில் நிறுத்திவிட்டதில், வெள்ளையாகப் பூத்த திட்டு இன்னும் இருக்கிறது. அவருடைய வலது கால் பெருவிரலில், மகள் குறுக்கே ஓடி வந்த நாளில் பட்ட கொப்புளத் தழும்பு. பால்கனிக் கதவைச் சாத்தும் வழக்கம் அந்தக் கொப்புளத்துக்குப் பிறகு வந்ததுதான். ஆனால் வீட்டில் நெடி என்பதே இல்லை. துடைத்த தரை மெல்லிய சூட்டோடு, சட்டென்று உலர்ந்துவிடும். குழந்தை அதில் படுத்துப் படம் வரைவாள். இழுப்பு வருவது குறைந்தது. ஆவியக்கா தூங்கத் தொடங்கினார்.

ஆனால் அவருடைய ஆட்சி வாசற்படியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நடைவழி. அது குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். சங்கம் என்றால் செயலாளர். எங்கள் மாடியிலேயே கடைசி வீடு அவருடையது. நடைவழி பளபளவென்று இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தரையைத்தான் பார்ப்பார்களாம். அதற்காகவே காரமான திரவங்களை அவரே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுப்பார். துடைப்பவரைக் குழந்தை வாளி மாமா என்பாள். "லேசா ஊத்துங்கண்ணே" என்று ஆவியக்கா கெஞ்சுவதும், "மினுக்கலைன்னா அவரு என்னை மினுக்கிடுவாரும்மா" என்று வாளி மாமா சொல்வதும் வழக்கம்.

அன்று காலை எனக்குக் கண்தான் முதலில் எரிந்தது. அடுத்து தொண்டை. கதவைத் திறந்தேன். நடைவழியில் வாளி கவிழ்ந்து கிடந்தது. வாளி மாமா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வாயில் துண்டை அழுத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். கறை போகவில்லை என்று, வெள்ளையாக்கும் திரவத்தின் மேல் கழிப்பறை ஆசிட்டையும் ஊற்றச் சொல்லியிருக்கிறார் செயலாளர். இரண்டும் சேர்ந்து விஷமாகக் கிளம்பியிருந்தது. படிக்கட்டுக்குப் போகும் ஒரே வழி அது. கோடியில் இருந்த ஜன்னலோ புறாத் தொல்லைக்காகப் பூட்டிக் கிடந்தது.

ஃபோன் அடித்தது. ஆவியக்கா. குரலில் தேன் இல்லை, பொரியலும் இல்லை; வறண்டு போயிருந்தது.

"அண்ணா, கதவுக்கடியில ஈரத்துண்டு வெச்சுட்டேன். பாப்பாவ பால்கனியில நிறுத்தியிருக்கேன். மருந்து அடிச்சும் அடங்கல. கீழ கொண்டுபோகணும். அந்த ஜன்னல உடைங்க."

"சாவி..."

"சாவி வர்ற வரைக்கும் அவ மூச்சு இருக்காதுண்ணா. உடைங்க!"

சுத்தியலை எடுத்தேன், மூக்கில் துணியைக் கட்டினேன், ஓடினேன். முதல் அடியில் கண்ணாடி விரிசல்தான் விட்டது. இரண்டாவது அடியில் சரிந்தது. காற்று உள்ளே வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திரும்பினால் ஆவியக்கா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். ஈரச் சேலைத் துணியில் குழந்தையின் முகத்தைப் பொதித்து, மார்போடு அணைத்திருந்தார். குழந்தையின் கால்கள் துவண்டு தொங்கின. கடக்கும்போதே இன்னொரு கையால் வாளி மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பினார். "எந்திரிங்கண்ணே! இங்க உக்காந்தா செத்துடுவீங்க, நடங்க!" மூவரும் படியில் இறங்கினார்கள். நான் பின்னால் போனேன்.

சத்தம் கேட்டு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த ஒருவர், "உங்க வீட்டு ஆவி மிஷின வெச்சு இதைச் சட்டுனு துடைச்சுடலாமே" என்றார். ஆவியக்கா திரும்பாமலே கத்தினார்: "அது மேல சூடு பட்டா இன்னும் கிளம்பும்! யாரும் கிட்ட போகாதீங்க!"

ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே கொண்டுபோன பிறகு கதவு மூடிக்கொண்டது. ஆவியக்கா பெஞ்சில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். பக்கத்தில் வாளி மாமா, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. "நான் கலக்கியிருக்கக் கூடாதும்மா" என்று அழுதார். "உங்களுக்கு யாருண்ணே சொன்னாங்க கலக்கக் கூடாதுன்னு? சொல்லலேல்ல. பேசாம மூச்சு விடுங்க." வெகுநேரம் கழித்து டாக்டர் வந்து, "இழுப்பு அடங்கிடுச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று தொடங்கினார். ஆவியக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். மீதியைக் கேட்க விரும்பவில்லை.

குழந்தை வீடு திரும்பிய அன்று செயலாளர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஜன்னல் கண்ணாடிய யாரு உடைச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆவியக்கா முன்னே வந்தார். "நான்தான் உடைக்கச் சொன்னேன். இனிமே இந்த மாடியில எந்தத் திரவமும் ஊத்தக் கூடாது."

"அதெப்படி? கறை எப்படிப் போகும்? நாலு பேரு வந்துபோற இடம்."

"கறை போறதுக்கு என் பொண்ணு மூச்சு விடக் கூடாதா?"

நடைவழியில் கதவுகள் திறந்தன. ஆட்கள் கூடினார்கள். செயலாளர் முகம் சிவந்தது. கெட்டவர் அல்ல, தான் சொன்னதால்தான் இரண்டையும் ஊற்றினார்கள் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் குரல் உயர்ந்தது. "சரி, உங்க மிஷினால துடைச்சுக் காட்டுங்க. பளபளன்னு வந்தா நான் வாயத் திறக்கல."

நடைவழியை அதற்குள் தண்ணீர் விட்டுப் பலமுறை கழுவி, உலரவிட்டிருந்தார்கள். ஆவியக்கா இயந்திரத்தைக் கொண்டுவந்தார். முதலில் பெருக்கினார். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிளக், உறுமல், உஸ். கோடியிலிருந்து பின்பக்கமாக வந்தார். துணி கறுத்தது, மாற்றினார். மறுபடி கறுத்தது, மாற்றினார். இத்தனை நாள் வாசனை பூசி மறைத்திருந்த அழுக்கு வாளியில் குவிந்தது. ஓடுகள் தங்கள் நிறத்துக்குத் திரும்பின. வாளி மாமா வந்து வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

செயலாளர் வீட்டு வாசலுக்கு முன்னால் கையகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அதன் மேல் இயந்திரம் போனது, வந்தது. குறுக்கே போனது. திருகைக் கூட்டினார். குனிந்து துணியாலும் தேய்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை தரையில் சொட்டியது. கறை போகவில்லை.

"பாத்தீங்களா" என்றார் செயலாளர். ஆனால் குரலில் வெற்றி இல்லை. கூட்டத்தில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கதவிடுக்கில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையைத்தான் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அவள் மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை இன்னும் இருந்தது. "இருந்தாலும்... மத்த இடமெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. இப்படியே இருக்கட்டும். வாளிக்காரரே, இனிமே அந்த பாட்டிலெல்லாம் வேணாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஆவியக்கா இயந்திரத்தை அணைத்து நிமிர்த்தி வைத்தார். தன் வீட்டுக்குப் போய், வாசலில் கிடந்த புது மிதியடியை எடுத்தார். உதறினார். கொண்டுவந்து செயலாளர் வாசலில், அந்தக் கறையின் மேல் விரித்துப் போட்டு, ஓரம் நேராக இருக்கும்படி காலால் ஒருமுறை தள்ளினார்.