மூப்பனிடம் சொன்னால் போதும் என்றிருந்தேன்

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரி கடைத்தெருவில் நான் பெருக்கும் வேலை பார்த்து வந்தேன். ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். சுக்குக் கிடங்கு ஒன்றின் வாசலைக் கூட்டும்போது உள்ளே அலறல் கேட்டு எட்டிப் பார்த்தேன். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் தலையில் மேஸ்திரி இரும்புக் கம்பியால் ஓங்கி ஓங்கி அடித்தான். அவர் எழவே இல்லை. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். மத்தியானத்துக்குள், அவர் மூட்டை அடுக்கிலிருந்து விழுந்து செத்ததாகத் தெருவெல்லாம் பேச்சு.

துப்புரவு வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். எங்கள் காலனியில் யாரும் நேராக ஸ்டேஷன் படி ஏறுவதில்லை. எதுவானாலும் மூப்பனிடம், அதாவது காலனித் தலைவரிடம் சொல்ல வேண்டும். அவர்தான் போய்ப் பேசுவார். நானும் சொன்னேன்.

"நீ ஒண்ணும் காணலை, கேட்டியா? ஸ்டேஷன் காரியம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதோடு என் கடமை தீர்ந்தது என்று நிம்மதியாகச் சாயா குடித்தேன். எவ்வளவு பெரிய மண்டு நான்!

செத்தவரின் மனைவி விடாமல் ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறாள். நாலாம் நாள் போலீஸ் என் வீட்டுக்கு வந்தது. நான் கிடங்கு வாசலில் போட்டுவிட்டு ஓடிய விளக்குமாறு அவர்கள் கையில் கிடைத்திருந்தது; அதன் பிடியில் நான் சுற்றியிருந்த சிவப்புத் துணி அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கொலையைக் கண்டும் சொல்லாததே குற்றம், ஆறு மாதம் உள்ளே போகலாம், வேலையும் போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர். மூப்பனிடம் சொன்னேனே என்றேன். அவரை அழைத்துக் கேட்டார்கள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை சாரே" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

எனக்கு வந்ததே கோபம்! பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். காலனியில் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். போங்கள் என்று விட்டுவிட்டேன்.

கோர்ட்டில் மேஸ்திரியின் வக்கீல் என்னை மடக்கப் பார்த்தார். "நாலு நாள் மிண்டாம, வாயே திறக்காம இருந்தியே, அது குற்றம்னு அறியாதா?"

"அறியும் சாரே. அதுக்கு என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க. அதுக்காக அவன் அடிச்சது இல்லேன்னு ஆயிடுமா?"

மேஸ்திரி ஜெயிலுக்குப் போனான். என்மேலும் தனியாக வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். கோர்ட் பிரியும்வரை தடவு, அதாவது அன்று கோர்ட் கலையும்வரை அங்கேயே காவலில் இருக்க வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட். சாயங்காலம்வரை அந்த பெஞ்சில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். என் நாலு நாள் மௌனத்துக்கு அது நியாயமான தண்டனைதான்.

தண்டனை வாங்கியவள் நான். ஆனாலும் காலனிப் பாதையில் எதிரே வந்தால், இன்றுவரை தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போகிறவர் மூப்பன்தான்.