எடைக்கூடத்துக்குள்ள விப்ரென், வெளிய ஐஸ்

விப்ரென் கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவருன்னு ஓல்டர்ஸைல் ஊருல எல்லாரும் சொல்லுவாங்க. சக்கரம்கூட ராத்திரியில நிக்கும். இவரு தூங்கும்போதும் போர்வைக்குள்ள ரெண்டு காலும் சைக்கிள் மிதிச்சுக்கிட்டே கெடக்கும். ஆயுசு பூரா போஸ்ட்மேன் வேல. அவரு ஒரு தெருவத் தாண்டிப் போனா, அவரு நெழலு அரை மணி கழிச்சு மூச்சு வாங்கிக்கிட்டு பின்னால வரும். நாய்ங்க குலைக்கலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள ஆளு அடுத்த ஊருல இருப்பாரு. எத்தன நாய் அந்த ஏக்கத்துலயே செத்துச்சோ, பாவம்.

மொத சம்சாரம் யான்கே நல்ல பொம்பளதான். சூப்ப நின்னுக்கிட்டே குடிக்கிற புருஷனோட பல வருஷம் ஓட்டுனா. இந்த ஊருல பொறந்தநாள்னா ஒரு மொற இருக்கு. எல்லாரும் வட்டமா நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு கேக்கோட, பொழுது சாயற வரைக்கும் ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்கணும். விப்ரென் மட்டும் அந்த வட்டத்துக்கு வெளிய இன்னொரு வட்டமா நடந்துக்கிட்டே இருப்பாரு. யான்கே கத்தல, சண்ட போடல. "எனக்கு உன்மேல கோவம் இல்ல விப்ரென்"னு சொல்லிட்டுப் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி, சோபா கடக்காரரு ஒருத்தரக் கட்டிக்கிட்டா. இன்னைக்கும் அவங்க ரெண்டு பேரும் உக்காந்தேதான் இருக்காங்கன்னு கேள்வி.

அதுக்கப்புறம் வந்தவதான் அலெய்டா. தெக்க, மேடுபள்ளமா இருக்கற சீமையில பொறந்தவ. புருஷன் செத்து, மக வீட்டுப் பக்கமா இருக்கலாம்னு இங்க வந்தா. பல்லு டாக்டருக்கு உதவியா முப்பது வருஷம் நின்னவ. எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் அசையாம உக்காரவைக்கத் தெரியும். விப்ரென அப்பிடி உக்காரவைக்க அவ எந்த மயக்க ஊசியும் போடல, சும்மா பாத்தா. இவரு அப்பிடியே மயங்கிட்டாரு. காலு மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு.

டிசம்பர்ல ஒரு நாள் இவரு கேட்டுட்டாரு. "என் வீட்டுக்கே வந்துரேன். எதுக்கு ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா அடுப்பு எரியணும்?"

அலெய்டா யோசிச்சா. "நான் வியாழக்கிழமையானா எடைக்கூட மியூசியத்துக்குப் போறேன்ல. ஒரு நாள் நீயும் வா. ஏதாவது ஒரே ஒரு படம். நான் பாத்து முடிக்கிற வரைக்கும் என் பக்கத்துல நின்னு பாரு. அப்புறம் வீட்டப் பத்திப் பேசுவோம்."

"இவ்வளவுதானா? நாளைக்கே வரேன்."

"நாளைக்கு எப்பிடி முடியும்?" அலெய்டா கைப்பையில இருந்து டைரிய எடுத்தா. இந்த நாட்டுல சாகறதா இருந்தாலும் டைரியப் பாத்து நாள் குறிச்சுட்டுத்தான் சாவாங்க. ஏடு ஏடாத் தள்ளிப் பாத்து, ஜனவரி கடைசி வியாழன், காலையில பத்தரைன்னு எழுதிட்டா.

அங்கதான் விதி சிரிச்சுச்சு.

பல வருஷமா கால்வாய்ல ஐஸ் புடிக்கல. புள்ளைங்கல்லாம் ஐஸ் மேல சறுக்கற, அடியில கத்தி வச்ச பூட்ஸ போட்டோவுலதான் பாத்துச்சுங்க. அந்த ஜனவரி கடைசி வாரம் கெழக்குக் காத்து அடிச்சுச்சு பாருங்க, பேசுன வார்த்த ஒறஞ்சு கீழ விழுந்து ஒடஞ்சுபோற குளிரு. புதன்கிழம சாயங்காலம் பெருசுங்கல்லாம் கோடாலியக் கொண்டுபோய்க் கால்வாயக் குத்திப் பாத்து, தாங்கும்னு சொல்லிட்டாங்க. கறுப்பு ஐஸ், கண்ணாடி மாதிரி. வியாழக்கிழம ஒரு நாள்தான் நிக்கும், ராத்திரி தெக்கத்திக் காத்தும் மழையும் வந்து எல்லாத்தையும் கரைச்சிரும்னு ரேடியோவுல சொன்னாங்க. உடனே ஊருக்கே பைத்தியம் புடிச்சிருச்சு. பள்ளிக்கூடம் லீவு. ரொட்டிக்கடைக்காரன் கதவுல 'ஐஸ்ல இருக்கேன்'னு எழுதி மாட்டிட்டுப் போயிட்டான்.

காலையில எட்டு மணிக்கே விப்ரென் போன் போட்டாரு. "அலெய்டா, இன்னைக்கு வந்து..."

"இன்னைக்கு வியாழன். பத்தரை."

"இல்ல, ஐஸு..."

"எங்க ஊருல ஐஸ் பெட்டிக்குள்ளதான் இருக்கும். டைரியில இருக்கு விப்ரென்."

என்ன செய்வாரு? கம்பளி சறுக்கு உடுப்ப உள்ள போட்டு, மேல நல்ல கோட்டையும் மாட்டிக்கிட்டாரு. பூட்ஸப் பையில வச்சுக்கிட்டாரு. ஒரு படம், பத்து நிமிஷம், அப்புறம் ஓடிரலாம்னு கணக்கு.

எடைக்கூடம் கால்வாய்க் கரையிலதான் இருக்கு. அந்தக் காலத்துல சீஸும் வெண்ணெயும் எடை போட்ட எடம். இன்னமும் நடுக்கூடத்துல மாட்டுவண்டியையே தூக்கிவைக்கிற மாதிரி ஒரு தராசு தொங்குது. வாசலுக்கு முன்னாடி பாலம் ரொம்பத் தாழ்வு. பாலத்துக்கு அடியில ஐஸும் எப்பவும் மெலிசு. அதனால சறுக்கிக்கிட்டு வர்றவங்க எல்லாம் கரையேறி, பூட்ஸோடயே நடந்து, பாலத்தத் தாண்டி மறுபடியும் எறங்கணும். பூட்ஸ் கத்தி மழுங்கக்கூடாதுன்னு அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க பழைய கம்பளத்தையெல்லாம் மியூசியம் வாசல்வழியா விரிச்சு வச்சிருந்தாங்க. ஊரே ஜன்னலுக்கு அடியிலதான் போகுது. டொக்கு டொக்கு டொக்கு. விப்ரெனுக்கு அது ஒவ்வொண்ணும் தலையில ஆணி அடிக்கிற மாதிரி.

உள்ள காவலுக்கு நின்னது யாருங்கறீங்க? சீட்ஸே. கசாப்புக்கட நடத்தி ஓய்ஞ்ச மனுஷன். விப்ரெனோட சின்ன வயசுல இருந்து ஐஸ்ல போட்டி போட்டவரு. மியூசியத்துல சம்பளமில்லாத சேவை. அன்னைக்கு அவரு மொற.

"வாடா விப்ரென். நீயும் மாட்டிக்கிட்டியா?" ஜன்னல்ல ஒட்டுன மூக்க எடுக்காமலே கேட்டாரு சீட்ஸே.

"நீ ஏன்டா வேற ஆளப் போடச் சொல்லல?"

"ஊருல ஆளு எங்கடா இருக்கு? மேயரே இப்பத்தான் குப்புற விழுந்துக்கிட்டுப் போறாரு, பாரு."

அலெய்டா கோட்டக் கழட்டி மாட்டிட்டு, மொத ரூமுக்குள்ள போனா. அங்க ஒரு படம். ஒரு மேசை, ரெண்டு மீன், பாதி தோலுரிச்ச எலுமிச்ச, ஒரு கண்ணாடிக் கோப்பை. அலெய்டா அதுக்கு முன்னாடி நின்னா பாருங்க, அந்த மீனே வெக்கப்பட்டு மூஞ்சியத் திருப்பிக்கிற மாதிரி நின்னா. விப்ரென் பக்கத்துல நின்னாரு. எலுமிச்சயப் பாத்தாரு, மீனப் பாத்தாரு. பாத்தாச்சு. இன்னும் என்ன இருக்கு? டொக்கு டொக்கு. காலு தானா ஜன்னல் பக்கம் போயிருச்சு.

"அந்த எலுமிச்ச ஈரமா இருக்கு, பாத்தியா?"ன்னு அலெய்டா திரும்புனா. பக்கத்துல ஆள் இல்ல. அவ அடுத்த ரூமுக்கு நடந்தா.

ரெண்டாவது ரூமுல இருந்த படத்துல, அந்தக் காலத்துல அனாத விடுதிய நடத்துன அஞ்சு அம்மாமாருங்க கறுப்பு உடுப்புல உக்காந்து மொறைச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க உக்காந்திருக்கறதப் பாத்தாலே விப்ரெனுக்குத் தொடை வலிச்சுச்சு. நாலு மூச்சு நின்னாரு. அஞ்சாவது மூச்சுல நடுக்கூடத்துத் தராசுத் தட்டுல போய் ஊஞ்சலாடிக்கிட்டு இருந்தாரு.

"எறங்குடா," சீட்ஸே அதட்டுனாரு. "அது சீஸ் வைக்கிற தட்டு, உன்னை மாதிரி ஊசிப்போனத வைக்கிறதுக்கு இல்ல."

அலெய்டா மெதுவா வந்து தராசுக்கு முன்னாடி நின்னா. மூஞ்சியில சிரிப்பும் இல்ல, சிடுசிடுப்பும் இல்ல. "நீ போ விப்ரென். போய்ச் சறுக்கு. எனக்கு உன்மேல கோவம் இல்ல."

ஆடிக்கிட்டிருந்த தட்ட விப்ரென் காலூன்றி நிறுத்துனாரு. அதே வார்த்த. யான்கே பெட்டியத் தூக்குனப்ப சொன்ன அதே வார்த்த. பொம்பளைங்க கோவம் இருக்குன்னு சொன்னா ஒரு பூங்கொத்து வாங்கிச் சமாளிச்சிரலாம். இல்லேன்னு சொல்லிட்டா அந்த மனுஷன் கதை முடிஞ்சுச்சு.

"போகல," என்னாரு. தட்டுல இருந்து எறங்குனாரு. "இன்னும் ஒரு ரூம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அதுல நிக்கிறேன். நிக்கலன்னா நீயே என்னைக் கழட்டி விட்டுரு."

"அதத்தான் நானும் யோசிச்சேன்," அலெய்டா முன்னாடி நடந்தா.

கடைசி ரூமுல ஒரே ஒரு பெரிய படம். நானூறு வருஷத்துக்கு முந்தின பனிக்காலம். விப்ரென் பக்கத்துல இருந்த, ரூம சூடாக்கற வெந்நீர்க் குழாயக் கையால இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு, பல்லு புடுங்க வந்தவரு நாற்காலியப் புடிக்கிற மாதிரி. கண்ண மூடித் தொறந்து படத்தப் பாத்தாரு.

அட, அது இந்தக் கால்வாய். இதே எடைக்கூடம், இதே பாலம். ஐஸ் மேல ஊரு பூரா சறுக்குது. ஒருத்தன் சீஸ் மூட்டையத் தள்ளிக்கிட்டுப் போறான். ஒரு சின்னப் பொண்ணு நாற்காலியப் புடிச்சுத் தள்ளிக்கிட்டே சறுக்கக் கத்துக்குது. முன்னால ஒருத்தன் பொத்துனு உக்காந்து கெடக்கான், அவன் செவப்புத் தொப்பி தள்ளி விழுந்து கெடக்கு. கரையில ஒரு பொம்பள கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறா.

"இவன் எப்பிடி விழுந்தான்?" விப்ரென் குழாய விட்டாரு.

"குடிச்சிருப்பான்," பின்னால வந்த சீட்ஸே சொன்னாரு.

"குடிச்சவன் மல்லாக்க விழுவான்டா. இவன் உக்காந்திருக்கான் பாரு. காலு ரெண்டும் முன்னால. தானா உக்காந்திருக்கான்."

"எந்தப் பைத்தியக்காரன்டா ஐஸ்ல தானா உக்காருவான்?"

"பாலத்துக்கு அடியில கறுப்பா தீட்டியிருக்கு பாரு. அங்க ஐஸ் இல்ல, தண்ணி. இவன் வேகமா வந்திருக்கான், கடைசியிலதான் பாத்திருக்கான். நிறுத்த வேற வழியில்ல, உக்காந்துட்டான். நான் பன்னண்டு வயசுல அப்பிடித்தான் தப்பிச்சேன்."

"நீ அன்னைக்குக் கால்சட்டைய நனைச்சதாலதான் உக்காந்தே. ஊருக்கே தெரியும்."

"அது தண்ணிடா."

"தண்ணிதான். எங்க இருந்து வந்துச்சுங்கறதுதான் கேள்வி."

சண்ட சூடாயிருச்சு. அந்தத் தொப்பி விழுந்து கெடக்கற தூரத்த வச்சு அவன் வந்த வேகத்தக் கணக்குப் போட்டாரு சீட்ஸே. விப்ரென் கத்தி கீறுன கோட்ட மூக்காலயே தடவிப் பாக்குற அளவுக்குக் கிட்ட போனாரு. ஜனங்க ஏன் அந்தக் கரையில ஏறுறாங்க, நம்ம ஏன் இந்தக் கரையில ஏறுறோம், படத்து மூலையில நிக்கிற நாய் யாரோடது, ஐஸ் மேல கெடக்கற வைக்கோல் யாரு போட்டது. எல்லாத்தையும் ஒரு வழியாத் தீத்தாங்க. ஒண்ணு மட்டும் தீரல.

"அந்தப் பொம்பள எதுக்குடா கையத் தூக்குறா?"

"டாட்டா காட்டுறா."

"மூஞ்சியப் பாரு. டாட்டா காட்டுற மூஞ்சியா அது?"

வாசல்ல இருந்து சீட்ஸேவ யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டாரு. விப்ரென் நின்னாரு. வெளிய டொக்கு டொக்குன்னு ஊரே போச்சு, அவரு காதுல ஏறல. அந்தக் கையவே பாத்துக்கிட்டு, அவரு காலு ரெண்டும் மரப்பலகையில வேர் விட்ட மாதிரி நின்னுச்சு. சீட்ஸே அப்புறம் ஊரு பூரா சொன்னாரு, விப்ரென் தோளுல சிலந்தி வலைகட்டிக் குடித்தனமே நடத்துச்சுன்னு.

"விப்ரென்."

திரும்பினாரு. அலெய்டா கோட்டும் தொப்பியும் மாட்டிக்கிட்டு, வாசப்படிகிட்ட கையத் தூக்கிக் கூப்பிட்டுக்கிட்டு நின்னா.

விப்ரென் அவளப் பாத்தாரு, படத்தப் பாத்தாரு, மறுபடி அவளப் பாத்தாரு. "அட, போதும் வாடாங்கிறாளா படத்துல இருக்கறவ?"

"நான் அப்பவே முடிச்சிட்டேன். வெளிச்சம் போகப் போவுது."

விப்ரென் ஜன்னலப் பாத்தாரு. வானம் மஞ்சளாயிருச்சு. மனுஷனுக்கு மூஞ்சி தொங்கிருச்சு. இத்தன வருஷத்துல ஒரே ஒரு ஐஸ் நாள். அத வரஞ்ச ஐஸப் பாத்தே கழிச்சாச்சு. "ஏன் முன்னமே சொல்லல நீ?"

"சீட்ஸேகிட்ட மடக்கு நாற்காலி வாங்கிப் போட்டு உன்னப் பாத்துக்கிட்டு இருந்தேன். அசையாம நிக்கிற விப்ரென இதுக்கு முன்னால யாரு பாத்திருக்கா? எலுமிச்சயவிட நல்லா இருந்துச்சு."

"அப்ப நான் பாஸா?"

"பூட்ஸ் கொண்டுவந்திருக்கல்ல? காலையிலயே கோட்டுக்கு அடியில கம்பளி தெரிஞ்சுச்சு. கெளம்பு."

"நீ?"

அலெய்டா காப்பி குடிக்கிற மூலையில கெடந்த மர நாற்காலியக் காமிச்சா. "அந்தப் படத்துல இருக்கற பொண்ணு மாதிரி."

"அது மியூசியம் நாற்காலி," சீட்ஸே ஆரம்பிச்சாரு. அப்புறம் ஜன்னலப் பாத்தாரு. சாவிக்கொத்தையும், மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்த தன் பூட்ஸையும் எடுத்தாரு. "மூடற நேரந்தான். நாற்காலிக்குக் காவலா நானும் வரேன் அலெய்டாம்மா."

ஐஸ்ல அலெய்டா நாற்காலியப் புடிச்சுத் தள்ளிக்கிட்டே போன வேகத்துல ஒரு வாத்து நடந்தே அவளத் தாண்டிப் போச்சு, திரும்பி ஒரு பார்வையும் பாத்துச்சு. விப்ரென் அவளச் சுத்திச் சுத்தி வட்டம் போட்டாரு, பொறந்தநாள் விருந்துல போடற மாதிரியே. சீட்ஸே மட்டும் அம்பு மாதிரி போய், எங்கயோ விழுந்து, யாரையோ திட்டுற சத்தம் கேட்டுச்சு. காத்து அதுக்குள்ள தெக்க இருந்து அடிக்க ஆரம்பிச்சிருச்சு. ஐஸ் உள்ளுக்குள்ள முணுமுணுங்குது.

"தலை சுத்துது. ஒரு எடத்துல நில்லு," சொன்னா அலெய்டா.

நின்னாரு.

அவ நாற்காலியில உக்காந்து, கையுறையப் பல்லால கழட்டி, கைப்பையில இருந்து டைரிய எடுத்தா. ஐஸ் மேல உக்காந்து ஏடு ஏடாத் தள்ளுனா. "மார்ச் ஒம்பது. அன்னைக்குச் சாமானோட வந்துர்றேன். லாரிக்குச் சொல்லிரு."

விப்ரென் பூட்ஸால ஐஸத் தட்டிப் பாத்தாரு. "அன்னைக்கு ஐஸ் புடிச்சா?"

"மார்ச்சுல ஏது ஐஸ்?"

"ஒருவேளை..."

"அதுக்குத்தான் மார்ச்சு போட்டேன்." டைரிய மூடுனா. "இப்பச் சுத்து. போதும்னா கையத் தூக்குறேன்."