கைதடிப் பிரதி

போர் அழிக்காமல் விட்ட ஒன்றை நான் அழித்தேன். அதைச் சொல்லாமல் இங்குள்ள வாழ்வைப் பற்றி வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

போன ஞாயிறு, ரொறன்ரோவில், மகனும் அவனோடு வேலைசெய்யும் வெள்ளைக்காரப் பெடியனும் எங்கள் குசினி மேசையில் பீற்சா தின்றபடி கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கொம்பனியின் தரவு இரண்டு நகரங்களில் இருக்கிறது. ஒன்று விழுந்தால் மற்றது நடத்தும். பெயிலோவர் என்கிறார்கள். வருடத்துக்கொரு தடவை வேண்டுமென்றே ஒன்றை விழுத்திப் பழகுகிறார்கள். எல்லாரையும் மற்ற இடத்துக்கு மாற்றியாயிற்று என்று அந்தப் பெடியன் சொல்ல, ஒருவருக்கும் காயமில்லையே என்று கேட்டுவிட்டேன். அவன் மகனைப் பார்த்தான். பிறகு மரியாதையாக, "ஒன்லி டேற்றா, சேர்" என்றான்.

எண்பத்தேழில் எங்களுக்கு ஒத்திகை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், விவசாயம் செய்யும் கமக்காரரின் சங்கமொன்றின் கணினிக்கு நான் பொறுப்பு. கடல்நீரேரிப் பாலத்துக்கு அப்பால், கைதடிக் கிளையில் இன்னொரு மெசின். அதற்கு உள்ளே சேமிப்பு இல்லை, எல்லாம் பிளொப்பியில்தான். பின்னேரங்களில் கோப்பாயிலுள்ள அங்கத்தவர் விபரத்தைப் பிளொப்பியில் பிரதி எடுப்பேன். கைதடியில் வேலைசெய்த சிவமலர் அதைச் சைக்கிளில் கொண்டுபோவாள். பாலத்து உப்புக்காற்றுப் படாமல் கொண்டுபோ என்று தினமும் சொல்லுவேன்.

"உங்கடை கோப்பாய்ப் புழுதியிலும் பாக்க எங்கடை உப்புக்காத்துப் பரவாயில்லை, அண்ணை" என்பாள்.

ஐப்பசியில் ஷெல் விழத் தொடங்க, கோப்பாய்ச் சனம் ஊரைவிட்டுக் கிளம்பியது. நான் குடும்பத்தோடு வரணிக்குப் போய்விட்டேன். சிவமலர் போகவில்லை. வீடியோக் கடைக்காரரின் ஜெனரேற்றரை இரந்து வாங்கி, கைதடி மெசினை ஓட்டினாள். பாலம் கடந்து வந்த சனத்தை மறித்து, எங்கே, யார் வீட்டில் நிற்கப்போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு மெசினில் ஏற்றினாள். பிரிந்துபோன உறவுகள் அவளிடம் வந்து கேட்டுத் தேடிப் போனார்கள்.

சண்டை ஓய்ந்து ஊர் திரும்பியதும் கோப்பாயில் பால் காய்ச்சி மெசினைத் தொடக்கச் சங்கத் தலைவர் நல்ல நேரம் பார்த்தார். கைதடிப் பிளொப்பிகளைச் சங்க உழவு இயந்திரத்தில் அனுப்பிய சிவமலர், தான் வந்த பிறகு ஏற்றச் சொல்லிவிட்டிருந்தாள். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் புரோகிராம்களை ஏற்றினேன். அவை சரியாக வந்தன. பிறகு, கை பழகிய கட்டளையை அடித்தேன்: கோப்பாயிலிருந்து பிளொப்பிக்கு. பழையதைப் புதியதன் மேல் எழுதட்டோ என்று மெசின் ஒருமுறை கேட்டது. ஓம் என்று அடித்தேன். அன்றைக்கு மட்டும் பிளொப்பியிலிருந்து கோப்பாய்க்கு என்று திசையை மாற்றி அடித்திருக்க வேண்டும்; சிவமலர் ஏற்றிய பேரெல்லாம் அழிந்துபோயின.

வேர்த்து வடிய வந்த சிவமலர் திரையைப் பார்த்தாள். "எந்தப் பக்கத்தாலை ஏத்தினனீங்கள், அண்ணை?"

பிளொப்பியை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

அடுத்த நாள் உரும்பிராயிலிருந்து பாக்கியம் என்ற பெண் வந்தா. பாலத்தடி நெரிசலில் கைவிட்டுப் பிரிந்துபோன மகள் சுகந்தி கைதடியில் பதிந்ததாக ஆரோ சொன்னார்களாம். கொடிகாமத்துக்கு அங்காலை எங்கேயோ என்பது மட்டுமே சிவமலருக்கு நினைவிருந்தது. அழித்தது நான்தான் என்று பாக்கியத்திடம் சொன்னேன். "அப்ப நீங்கள்தான் தேடித் தரவேணும்" என்றா, குரலை உயர்த்தாமல்.

சிவமலரும் நானும் பாலத்துக்கு அப்பால் தென்மராட்சி ஊர்களின் ஒழுங்கைகளில் சைக்கிள் உழக்கினோம். போன வீடுகளிலெல்லாம் மறுபடி கேட்டு எழுதினோம். பலர் கிடைத்தார்கள், சிலர் எங்கே போனார்களென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் குறை இன்றும் என்னோடு இருக்கிறது. சுகந்தி மிருசுவிலில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள். தாயைத் தேடிப் போகாமல் ஏன் இருந்தாய் என்று கேட்டேன்.

"உங்கடை பெட்டிக்குள்ளை என்ரை பேர் இருக்குத்தானே, அம்மா கண்டுபிடிச்சு வருவா எண்டு அசையாமல் இருந்தனான்."

சைக்கிள் பாரில் ஏற்றிவந்து தாயிடம் விட்டேன். பாக்கியம் என்னைத் திரும்பிப் பாராமல் மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனா. சிவமலரின் சைக்கிள் கரியரில் மட்டும் ஒரு வாழைக்குலை கட்டிவிட்டா. பாதியை வெட்டி எனக்குத் தந்தபோது சிவமலர் சிரித்தாள்.

எண்பத்தொன்பதில் நான் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது, போகும் இடத்தை என் பேரோடு மெசினில் ஏற்றட்டோ என்று அவள் கேட்டாள். ஏத்து, ஆனால் கோப்பாயை அழிக்காதை என்றேன்.

"நான் ஒண்டையும் அழிக்கிறேல்லை, அண்ணை" என்றாள்.

அடுத்த வருடம் குடாநாட்டில் மின்சாரம் நின்றது; மெசின்களும் நின்றன. அவற்றில் கடைசியாக ஏறிய விபரத்தின்படி, நான் இன்னமும் கோப்பாய், கனடா என்று இரண்டு இடத்திலும் இருக்கிறேன்.