குழம்பில் தேடிய கல்மீன்

அன்று தோட்டத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவள் தம்பி. வேறு ஆள் வந்திருந்தால் கிணற்றடி ஈரத்தில் தடம் இருக்கும். பார்த்தேன். இல்லை.

அன்னவாசலுக்கு வெளியே அந்தத் தோட்டத்தில் நான் கிணற்று மோட்டார் ஓட்டினேன். அதற்கு முன் மேற்கே மலையில் அணை வேலை. திரும்பும்போது ஓடை மீன்களைக் கேனில் கொண்டுவந்தேன். வழியெல்லாம் தண்ணீர் மாற்றியும் ஒன்பதுதான் பிழைத்தன.

அவற்றுக்கு நின்ற தண்ணீர் ஆகாது. மோட்டார் தொட்டிக்குக் கீழே நீளவாக்கில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, ஒரு பக்கம் கண்ணாடி பதித்தேன். மேல்தொட்டியிலிருந்து மண்குழாய் வழியாகத் தண்ணீர் வந்து விழும், மறுமுனையில் வாய்க்காலுக்குப் போகும்.

பார்ப்பவர்கள் அயிரை என்பார்கள். அயிரை உருண்டை, மணலில் புதையும். இதற்கு வயிறு தட்டை. துடுப்பை விரித்துக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை வேகத்தில் தண்ணீர் வந்தாலும் நகராது.

மைத்துனன் கட்டுமாவடியில் கடலுக்குப் போகிறவன். வந்ததும் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தான்.

"என்ன மச்சான், அயிரை இன்னுமா சேறு கக்குது?"

எங்கள் பக்கம் அயிரையை உயிரோடு சட்டித் தண்ணீரில் விட்டு, சேற்றைக் கக்கிய பிறகுதான் குழம்பு வைப்பார்கள்.

"அது அயிரை இல்ல மாப்ள. கல்லுமீன்."

"கடல்காரங்கிட்டயே மீனுக்குப் பேரு சொல்றீங்க. கொழம்புல விழுந்தா எல்லாம் ஒண்ணுதான்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் மடை திருப்பிவிட்டு வந்து பார்த்தேன். தொட்டியில் ஐந்து மீன். வீட்டுக்குள் அயிரைக் குழம்பு வாசம்.

"ஏது?" என்றேன்.

"கொளத்துல பிடிச்சு ரோட்டுல வித்துட்டுப் போனாங்க. தம்பி வாங்குனான்" என்றாள் மனைவி.

விற்றவனை நான் பார்க்கவில்லை. உட்கார்ந்து குழம்பு மீனை ஒவ்வொன்றாக இலையில் வைத்துப் புரட்டி, வயிற்றைப் பார்த்தேன்.

"முள்ளு எடுக்குறீங்களா மச்சான், சோதனை போடுறீங்களா?"

எல்லாம் உருண்டை. ஆனால் அவன் எனக்கு முன்பே சாப்பிட்டு முடித்திருந்தான்.

மனைவிக்குப் புரிந்துவிட்டது. "எந் தம்பி திருடனா? சாயங்கால பஸ்ஸுக்கு அவனோட நானும் போறேன். கூப்புட வராதீங்க."

பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. முன்பு ஒரு சொல்லுக்காக ஏழு மாதம் பிறந்த வீட்டில் இருந்தவள். சேலையை மடித்து மூட்டை கட்டத் தொடங்கினாள்.

மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீர் வடிந்ததும் குனிந்து மண்குழாய்க்குள் பார்த்தேன். உள்சுவரில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. வருகிற தண்ணீரை எதிர்த்து ஏறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. கையை விட்டு மெல்ல உரித்து எடுத்தேன்.

மூட்டையோடு வந்து நின்றாள். "இருக்கா?"

"இருக்கு."

"எல்லாமா?"

"எண்ணிச் சொல்லுங்க மச்சான்" என்றான் அவன்.

"ஒம்பது" என்றேன்.

அவள் உள்ளே போய் மூட்டையை அவிழ்த்தாள். அவன் மட்டும் பஸ் ஏறினான்.

பிறகு தொட்டியில் ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்தேன். குழாயில் மறுபடி கைவிட்டுப் பார்த்தேன். மேல்தொட்டியையும் இறைத்துப் பார்த்தேன்.

எட்டு.